கேப்டன் திலகாவைக் கீழே வரச் சொன்னவன்

ஆகாயத்தின் மகாராணியே, என் அக்கா மகளே, திலகா,

உன் கருமாதி முடிந்துவிட்டது. உன் அம்மா இன்னும் உன் தட்டில் சோறு போடுகிறாள், பிறகு அவளே எடுத்துக் கொட்டுகிறாள்.

நம் ரப்பர் தோட்டத்திலிருந்து போய் விமானம் ஓட்டிய முதல் பெண் நீ. உனக்கு லைசன்ஸ் கிடைத்த அன்று, ஈப்போவின் சுண்ணாம்புக் குன்றுகள் உனக்கு வழிவிட்டுத் தலை குனிகின்றன என்று காப்பிக்கடையில் அறிவித்தேன். மேகங்கள் கைகட்டி நிற்கின்றன என்றேன். சிரித்தார்கள். ஆனாலும் தோட்டத்து முகப்பில் துணிப் பதாகையில் உன் படம் லாரி உயரத்துக்கு நின்றது. அந்த வருஷம் பிறந்த பெண் குழந்தைகளுக்கெல்லாம் உன் பெயர்தான். இதில் பொய் பாதிதான்.

பிறகு மாரியம்மன் கோயில் கும்பாபிஷேகம் வந்தது. கோபுரத்தின் மேல் வானத்திலிருந்து பூ தூவ வேண்டும், அதையும் நம்ம பிள்ளையே செய்ய வேண்டும் என்று கோயில் தலைவர் முனியாண்டி ஒற்றைக்காலில் நின்றான். நீ ஒரு சின்ன விமானத்தில் வந்தாய். பின்னால் பூச்சாக்கோடு முனியாண்டியின் தம்பி சேகர்.

முதல் சுற்றில் பூவெல்லாம் காற்றோடு போய், ரப்பர் மரங்களை அழித்து எண்ணெய்க்காக நட்ட செம்பனை மரங்களில் விழுந்தது. கோபுரத்தில் ஒரு இதழ் இல்லை. நான் முனியாண்டி பக்கத்தில் நின்றேன். வாக்கி டாக்கியில் அவன் உன்னிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"கேப்டன், பூ சாமிக்கு வரல. இன்னும் கொஞ்சம் கீழ வாம்மா, ஒன்னும் ஆகாதுலா."

நீ வந்தாய். செம்பனை மட்டையில் இறக்கை தட்டி விமானம் விழுந்தது.

சேகர் அங்கேயே போய்விட்டான். நீ உடைந்த காலோடு பிழைத்தாய். அதுதான் உன் குற்றம். திமிரில் தாழப் பறந்தாள் என்றார்கள். உன் படத்தை இறக்கி, அந்தத் துணியைக் கோழிக்கூண்டுக்குக் கட்டினார்கள். ஓட்டியவள்தான் பொறுப்பு என்று லைசன்ஸும் போனது. "நான்தானே ஓட்டுனேன் மாமா" என்பதோடு நீ வாயை மூடிக்கொண்டாய். நான் மூடவில்லை. கேட்டதைக் கல்யாண வீட்டில் சொன்னேன், சாவு வீட்டில் சொன்னேன். மேகத்தையே கைகட்ட வைத்த ஆளாயிற்றே என்று சிரித்தார்கள்.

அப்புறம் ஈப்போவுக்கும் பத்து காஜா ஊருக்கும் இடையே வாடகைக் கார் ஓட்டினாய். பிளேன் ஓட்டினவர்தானே என்று பின்சீட்டில் யாராவது கேட்டால் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டுவாயாம். கடைசியில், ஆஸ்பத்திரியில் ஜன்னலோரக் கட்டில் கொடுத்தபோது உள்பக்கம் மாற்றித் தரச் சொன்னாய். ஏன்டி, அவ்வளவு வானத்தில் உனக்கென்று ஒரு துண்டுகூட மிஞ்சவில்லையா?

போன வாரம் முனியாண்டி வந்தான். மறு கும்பாபிஷேகம் வருகிறது. இந்த முறை டிரோன் பூ தூவுமாம். உன் படத்தைக் கோயில் மண்டபத்தில் மாட்டக் கேட்டான். செத்த பிறகு நீ மறுபடியும் நம்ம பிள்ளை! அன்று வாக்கி டாக்கியில் பேசியதை மேடையில் சொல், பிறகு மாட்டு என்றேன்.

"அத நான் ஒத்துக்கிட்டா, என் தம்பிய நானே கொன்னதா ஆயிரும்ண்ணே."

"அத இத்தன நாளும் என் புள்ள சுமந்துச்சுடா."

எழுந்து போனான். செருப்பை மறந்துவிட்டு, பாதி வழியில் திரும்பி வந்து மாட்டிக்கொண்டு போனான். நான் கூப்பிடவில்லை.

ஆகவே உன் படம் நம் வீட்டிலேயே இருக்கும். கும்பாபிஷேகத்தன்று உன் அம்மாவோடு கோயில் வாசலில் நிற்பேன். உள்ளே போகிற ஒவ்வொருவரிடமும் அவன் அன்று பேசியதை, ஒரு சொல் கூட்டாமல், சொல்வேன். நம்பாவிட்டால் அடுத்தவரிடம் சொல்வேன். அவனே வாய் திறக்கும்வரை ஒவ்வொரு திருவிழாவுக்கும் நிற்பேன். இது சத்தியம்.

மடியில் உட்காரவைத்து உனக்குக் காது குத்திய உரிமையில்,
உன் தாய்மாமன் வேலு