பீட்டர் சார் பேசாத வாரம்

ஐப்பசி 9, திங்கள்

விடியலிலிருந்து தூறல். மாடியில் போட்ட துணி ஒன்றும் காயவில்லை. கேஸ் தீரப்போகிறது. இவரிடம் சொன்னேன், ஆட்டோ கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே தலையாட்டினார். காதில் ஏறியதா, அண்ணாமலையாருக்கே வெளிச்சம்.

மாடி அறை பீட்டர் சார் இன்றிலிருந்து மௌன விரதம், வெள்ளி வரை. உண்மைப் பெயர் பீட்டர் இல்லை. வாயைத் திறந்தால் இங்கிலீஷ் சொற்களின் பூர்வீகம்தான் என்பதால் எதிர் டீக்கடை தேவராஜ் வைத்த பெயர். எழுபது தாண்டிய வெள்ளைக்காரர், சொந்த ஊரில் அகராதி வேலை பார்த்தவர். மழைக்காலம் வந்தால் எங்கள் மாடிதான் அவருக்கு.

காலைக் காபிக்கு ஒரு சொல் தருவார். பி.ஏ. ஆங்கிலம் படித்துவிட்டு வாடகைக்காரர்களுக்கு இட்லி அவிக்கிற எனக்கு அதுதான் லாபம். இன்று வாயை மூடுவதற்கு முன் கடைசியாகச் சொன்னது: விண்டோ. பழைய நார்வேக்காரர் பேச்சில் 'காற்றின் கண்'. நம் ஜன்னல் போர்ச்சுகீசியர் கொடுத்தது. அதற்கு முன்னால் எங்களுக்குக் காலதர், காற்று வரும் வழி என்றேன். மனுஷர் துள்ளிவிட்டார். அப்புறம் 'மௌனம்' என்று எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, சிலேட்டோடு படியேறினார்.

நான் நினைவில் வைக்க வேண்டியது: கதவைத் தட்டாதே. தட்டை வாசலில் வை, இறங்கு. கேள்வி கேட்காதே. போன வருஷம் மௌனத்தில் இருந்த ரஷ்யக்கார அம்மாவிடம் "சாப்டீங்களா"னு வாய் தவறிக் கேட்டுவிட்டேன். விரதம் கெட்டதென்று அழுதுகொண்டே அறையைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டது. இவர் என்னை ஒரு வாரம் வறுத்தெடுத்தார்.

ஐப்பசி 10, செவ்வாய்

மழை விட்டது. கொசு ஜாஸ்தி. கேஸ் வந்தது, அதிசயம்.

காலியான தட்டோடு சிலேட்டும் வாசலில். இன்றைய சொல்: ஸில்லி. முதலில் 'பேறு பெற்றவர்' என்று அர்த்தமாம், அப்புறம் 'அப்பாவி', அப்புறம் 'ஐயோ பாவம்', கடைசியில் 'மடையன்'. ஒரு சொல் இத்தனை படி இறங்குமா! அடியில் சின்னதாக: தலைவலி, இஞ்சி போட்டு காபி கிடைக்குமா.

கொடுத்தேன். கதவு இடுக்கில் கையெடுத்துக் கும்பிட்டார்.

மத்தியானம் அவர் மகள் அவர்கள் ஊரிலிருந்து போன். அப்பாவைப் பார்த்துக்கொள்ளுங்கள் சாந்தி, நீங்கள்தான் எனக்குத் தைரியம் என்றாள். எனக்கோ காலையிலிருந்து வலது கண் துடிக்கிறது. ஆம்பளைக்கு நல்லது, பொம்பளைக்கு ஆகாது.

ஐப்பசி 11, புதன்

வானம் மூடாக்கு. தோசை மாவு புளித்துவிட்டது.

காலைத் தட்டு பாதி அப்படியே. இட்லி உதிர்ந்து தரையில். சிலேட்டில் ஒன்றுமில்லை. சாக்பீஸ் உடைந்து படி வரைக்கும் உருண்டு கிடந்தது. அவர் பால்கனி நாற்காலியில், மலையைப் பார்த்தபடி. வலது கை துண்டுக்கடியில். என் கொலுசுச் சத்தத்துக்கு எப்போதும் திரும்புவார். இன்று திரும்பவில்லை.

இவரிடம் சொன்னேன்.

"ஏங்க, எனக்கு என்னமோ பயமா இருக்குது. அவரு எழுதக்கூட இல்ல."

"மௌனம்னா அப்படித்தான். நீ சும்மா இரு தாயே. இன்னொரு ரூமு காலியாவணுமா?"

தேவராஜ் அதற்கும் மேலே. "சிலேட்டையே வுட்டுட்டாரா? அப்ப பெரிய நிலைக்குப் போய்ட்டாருக்கா. நம்ம வூட்டு மாடில ஒரு மகான்!"

மகானாம். இரண்டு நாள் முன்னால் இதே வாய்தான் பீட்டர் என்றது.

சாயங்காலம் பாத்திரம் எடுக்கப் போனபோது அவர் என்னையே பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். வாய் லேசாகத் திறந்து மூடியது. நான் உதட்டில் விரலை வைத்து, 'பேசாதீங்க சார்' என்று ஜாடை காட்டிவிட்டு இறங்கினேன். விரதத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைப்பு.

பயம் போகவில்லை. பானிக் என்ற சொல்லைப் போன மாதம் சொன்னார். கிரேக்கர்களுக்குப் பான் என்று ஒரு காட்டுத் தெய்வம். ஆள் இல்லாத மலையில் காரணமே இல்லாமல் வரும் பயம் அவன் தருவதாம். இங்கே மலையே சாமி. அதன் காலடியில் உட்கார்ந்துகொண்டு எனக்கு எதற்கு இப்படி நடுங்குகிறது?

ஐப்பசி 12, வியாழன். பௌர்ணமி

அன்னாபிஷேக நாள். விடிவதற்குள் கிரிவலக் கூட்டம். ஆட்டோ ஓடாது, ரோட்டை அடைத்துவிட்டார்கள். இவர் வீட்டிலேயே.

பத்து மணி வாக்கில் வாசலில் கும்பல். போகிறவர்கள் நின்று எங்கள் பால்கனியைப் பார்த்துக் கும்பிடுகிறார்கள். தேவராஜ்தான் டீ ஆற்றிக்கொண்டே சொல்லிவிட்டிருக்கிறான். ஓர் அம்மா வாழைப்பழத்தைப் படியில் வைத்தது. "கண்ணுல தண்ணி வுடறாரு பாரு. ஆனந்தம்டி, ஆனந்தம்."

ஒரு கண்ணில் மட்டும் என்ன ஆனந்தம்?

இவர் தடுத்தார். "சாந்தி, பாவம் புடிக்கும்." பிடித்தால் என்னைப் பிடிக்கட்டும் என்று ஏறிவிட்டேன். கால் கூசியது. கிட்டே போனால் வாயோரம் எச்சில் வழிந்து அட்டையெல்லாம் ஈரம். முகம் ஒரு பக்கம் தொங்கியிருந்தது. வேட்டி நனைந்து நாற்றம். இரவெல்லாம் அங்கேயே இருந்திருக்கிறார்.

"சார், விரதம் போனா போவுது. என் தலைமேல போடுங்க. ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க."

இங்கிலீஷிலும் கேட்டேன். உங்கள் பெயர் என்ன சார்?

"ப" என்றார். மறுபடி "ப... ப...". கழுத்து நரம்பு புடைக்கிறது, வேறொன்றும் வரவில்லை. இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார் பாருங்கள், வளையல் உடைந்தது. விடவே இல்லை.

அப்போதுதான் விளங்கியது. நேற்று அவர் வாயைத் திறந்தது என்னைக் கூப்பிட. நான் விரலை வைத்து அடக்கியிருக்கிறேன். அடிப்பாவி நானே!

கத்தினேன். கீழே கும்பிட்டவர்கள் முகத்தைச் சுளித்தார்கள், சாமியைக் கலைக்கிறாளாம். இவர் ஓடி வந்து பார்த்தார், போனை எடுத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். கூட்டத்துக்குள் அது ஊர்ந்து வந்தது. தேவராஜ் கடையை அப்படியே விட்டுவிட்டு முன்னால் ஓடி ஓடி வழி விலக்கினான். "வழி வுடுங்க, அய்யா வழி வுடுங்க!" அவனும் அழுதான்.

கிளம்பும்போது கழுத்து அட்டையைக் கழற்றப் போனேன். முடிச்சு அவிழவில்லை. கத்தரிக்கோலால் வெட்டினேன்.

ஐப்பசி 13, வெள்ளி

ஆஸ்பத்திரி நடைபாதை. வெளியே மழை. இவர் டீ வாங்கப் போயிருக்கிறார். மடியில் வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணல்.

டாக்டரம்மா சின்னப் பெண். கேள்வி மட்டும் ஊசி.

"பேச்சு எப்பம்மா போச்சு?"

"தெரியலைங்க."

"கடைசியா எப்ப பேசினாரு?"

"திங்கக்கிழம காலைல."

"திங்கக்கிழமையா? இன்னிக்கு வெள்ளி!"

"அது மௌனங்க. அவரா எடுத்துக்கிட்டது. செவ்வாக்கிழம சிலேட்டுல நல்லாத்தான் எழுதினாரு. அப்புறம்தான்... எப்பன்னு தெரியலைங்க."

அந்தப் பெண் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தது. திட்டவில்லை. திட்டியிருக்கலாம். பக்கவாதம் வந்த உடனே, சில மணி நேரத்துக்குள் போட வேண்டிய ஒரு மருந்து இருக்கிறதாம். இனிமேல் பயனில்லையாம். உயிருக்கு இப்போதைக்கு ஒன்றுமில்லை. வலது பக்கம் கொஞ்சம் தேறலாம். பேச்சு, பார்க்கலாம் என்றது. அந்தப் 'பார்க்கலாம்' எனக்குத் தெரியாததா?

சீட்டில் எழுதியிருப்பது ஸ்ட்ரோக். இதை அவர் எனக்குச் சொன்னதில்லை. இவர் போனில் தேடிப் படித்தேன்: கடவுளின் கை அடித்தது என்று பழைய காலத்தில் சொன்னார்களாம். கடவுளை எதற்கு இழுப்பது? அவர் பேச முடியாமல் தவித்ததை ஊரே கும்பிட்டது. நான் சோறு வைத்துவிட்டு இறங்கி வந்தேன்.

உள்ளே விட்டார்கள். விழித்திருக்கிறார். என்னைக் கண்டதும் இடது கை எழுந்தது. பிடித்துக்கொண்டேன்.

அவர் மகள் போன். இரண்டு தடவை அடித்தும் எடுக்காமல் இருந்தேன். என்னால் முடியவில்லை. இவர்தான், "எடு சாந்தி, பெத்த பொண்ணு"ன்னார்.

எடுத்ததும் அவள் குரலில் அப்படியொரு சந்தோஷம். அவர்கள் ஊரில் அப்போதுதான் விடிகிறதாம். "வெள்ளிக்கிழமை ஆகிவிட்டது சாந்தி. இன்றைக்கு வாயைத் திறக்கிறாரா? அவரிடம் கொடுங்கள், முதல் வார்த்தை எனக்குத்தான் என்று சொல்லியிருந்தார்."