அரக்கு உருகும் வரை

14 மார்ச் 2002, வியாழன்

ஆண்டிபட்டி பக்கத்துச் சாயப்பட்டறையில் இன்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சார்பில் கழிவுநீர் மாதிரி எடுத்தோம். முதலாளி சட்டம் தெரிந்தவர். "ரெண்டாப் பிரிச்சு எனக்கு ஒரு பாட்டில் குடுங்க" என்றார். அது அவர் உரிமை, கொடுத்தேன். கையெழுத்துக் கேட்டதும் அதே பாட்டிலால் என் உதவியாளர் செல்வராஜின் மண்டையில் அடித்தார். கண்ணாடி நொறுங்கியது. கறுப்புத் தண்ணீரும் ரத்தமும் வழியச் சரிந்தவரை, பட்டறை ஆட்கள் விலாவில் மிதித்துவிட்டு உள்ளே போனார்கள்.

இன்னொரு பாட்டில் என் கையில் இருந்தது. அங்கேயே முத்திரை வைக்காவிட்டால் கோர்ட்டில் செல்லாது. ஜீப்புக்குப் பின்னால் குனிந்து அரக்கை உருக்கினேன்.

"சார், அத விடுங்க. ஆளத் தூக்குவோம்" என்றார் டிரைவர்.

"இருங்க" என்றேன்.

முத்திரை குத்தி, முதலாளி கையெழுத்திட மறுத்ததை எழுதி, நான் மட்டும் கையெழுத்துப் போட்டேன். பிறகுதான் தூக்கினோம்.

தேனி ஆஸ்பத்திரியில் தையல் போட்டும் செல்வராஜுக்கு நினைவு திரும்பவில்லை. அவர் மனைவி கேட்டார்: "அண்ணே, அவுக விழுந்ததும் தூக்கிட்டீகள்ல?"

"உடனே தூக்கிட்டோம்மா."

"நீங்க கூட இருந்தீகளே, அது போதும்ணே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் கையை உருவிக்கொள்ளவில்லை.