பன்னிரண்டாவது தாளில் அப்பாவின் கையெழுத்து

பெரியவனுக்கு அம்மா ஆசையோடு எழுதுவது. எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது, உடம்பு மட்டும்தானே என்று நீ கேட்பதற்கு முன் நானே ஒத்துக்கொள்கிறேன். நீயும் மருமகளும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்களா, அங்கே குளிர் கொஞ்சமாவது குறைந்ததா? உன் தங்கை சனிக்கிழமை வந்தாள், வந்ததும் வராததுமாக அலமாரியை எல்லாம் ஒழுங்குபடுத்துகிறேன் என்று எதுவும் என் கைக்கு அகப்படாதபடி அடுக்கிவைத்துவிட்டுப் போனாள், என் மூக்குக்கண்ணாடி சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் கிடந்தது. குளியலறைக் குழாய் இன்னும் சொட்டுகிறது, பிளம்பர் நாளைக்கு நாளைக்கு என்று சொல்லியே பாதி மாதத்தை ஓட்டிவிட்டார். இதையெல்லாம் போனிலேயே சொல்லலாமே என்பாய். போனில் சொல்ல வாய் வராத ஒன்று இருக்கிறது. போன வாரம் நீ மூன்று தடவை கேட்டாய், அப்பாவோட பட்டம் என்னாச்சும்மா, கமிட்டி கூடிச்சா இல்லையா என்று. நான் மூன்று தடவையும் குக்கர் விசில் அடிக்குது என்று வைத்துவிட்டேன். குக்கர் அடுப்பிலேயே இல்லை. கமிட்டி செவ்வாய்க்கிழமையே கூடிவிட்டது. முடிவை இங்கேயே எழுதினால் மீதியைப் படிக்காமல் போனை எடுத்துவிடுவாய், உன் சுபாவம் எனக்குத் தெரியாதா, அதனால் நடந்தது நடந்தபடியே எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

தெரிந்த கதையைத் திரும்பச் சொல்கிறாளே என்று சலித்துக்கொள்ளாதே, உனக்குத் தெரியாதது நடுவில் இருக்கிறது. அப்பா ஐம்பத்திரண்டு வயதில், பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே, பிஎச்டிக்குப் பதிவு செய்தார் அல்லவா. பிள்ளைகள் வகுத்தல் கணக்கில் செய்யும் தவறுகள், அதுதான் தலைப்பு. ஊரில் உள்ளவர்கள் எல்லாம் சரியான விடையைத் தேட, உன் அப்பா மட்டும் பழைய விடைத்தாள் கட்டுகளிலிருந்து தப்பான விடைகளாகப் பொறுக்கிக்கொண்டு வருவார். சரியாப் போட்ட கணக்குல பிள்ளையைப் பார்க்க முடியாதும்மா, தப்பாப் போட்டதுலதான் அவன் எப்படி யோசிச்சான்னு தெரியும் என்பார். பகுதிநேர மாணவர் என்பதால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை அறிக்கை கொடுக்கவேண்டும், அதில் மாணவர் தன் கையால் கையெழுத்துப் போடவேண்டும், ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் கைடும், என் முன்னிலையில் போட்டார் என்று எழுதிப் பக்கத்தில் போடவேண்டும். இரண்டு அறிக்கை சேர்ந்தாற்போல வராவிட்டால் பதிவு தானாகவே காலாவதி. முதல் மூன்று வருஷம் எல்லாம் ஒழுங்காகப் போனது. நான்காம் வருஷம்தான் அப்பாவின் வலது கை நடுங்க ஆரம்பித்தது.

இப்போது உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன். அந்த நடுக்கத்துக்குப் பிறகு போன ஐந்து அறிக்கையிலும் இருப்பது அப்பாவின் கையெழுத்து இல்லை, என்னுடையது. உனக்குத்தான் தெரியுமே, அறுபது பிள்ளைகளின் மதிப்பெண் அட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்து மார்க்கை அவர் நிரப்புவார், கையெழுத்தை நான் போடுவேன். முதல் எழுத்தில் ஒரு பெரிய சுழி, கடைசியில் கீழே ஒரு கோடு, கோட்டின் மேல் இரண்டு புள்ளி, இருபது வருஷம் போட்டுப் போட்டு என் சொந்தக் கையெழுத்தைவிட அதுதான் எனக்குச் சரளமாக வரும். அதனால் அந்த ஐந்தில் முதல் அறிக்கையை அவர் என் பக்கம் தள்ளி, நீயே போட்டுடு, மதிப்பெண் அட்டை மாதிரிதானே என்றபோது எனக்கு அது தப்பு என்றே தோன்றவில்லை. கைடு கூடத்தில் டீ குடித்துக்கொண்டிருப்பார், நான் உள்ளே போய்ப் போட்டுக்கொண்டு வந்து நீட்டுவேன். அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தீசிஸை அப்பா சொல்லச் சொல்ல உன் தங்கை டைப் அடித்தாள். வைவா கணினியில் வீட்டு மேசையிலிருந்தே நடந்ததால் கையை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் பதில் சொன்னார், ஒருத்தருக்கும் தெரியவில்லை. பட்டத்துக்குத் தகுதி என்று சொல்லிவிட்டார்கள், சில்லறைத் திருத்தங்கள் மட்டும், தொண்ணூறு நாளுக்குள் திருத்திய பிரதி கொடுக்கவேண்டும், முதல் பக்கத்தில் இது என் சொந்த ஆய்வு என்று உறுதிமொழி, அதன் கீழே கையெழுத்து.

அந்தப் பக்கத்தையும் நானே எடுத்து வைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தேன். அப்பாவுக்கு வந்ததே கோபம். இது என் வேலைன்னு சொல்ற தாள்ல உன் கை எப்படி இருக்கும், இதை நான்தான் போடணும் என்றார். காலையில் உட்கார்ந்தவர், பதினோரு தாள் வீணாய்ப் போனது. ஒன்றில் மை கொட்டியது, ஒன்றில் பேனா தாளைவிட்டு மேசைக்கே போய்விட்டது. நான் பக்கத்தில் நின்று தாளை மட்டும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன், கையைத் தொட விடவில்லை. பன்னிரண்டாவது தாளில் வந்துவிட்டது. எறும்பு மையில் விழுந்து நடந்துபோன மாதிரி இருந்தது, சுழியும் இல்லை கோடும் இல்லை. அவர் அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, இந்தத் தப்பையும் தீசிஸ்ல நாலாவது அட்டவணையில சேர்த்துக்க என்று சிரித்தார். அதற்குப் பிறகு இரண்டு வாரம்தான் இருந்தார்.

நீ வந்து காரியமெல்லாம் முடித்துப் போன பிறகு, எண்பதாம் நாள் நான்தான் பிரதியைப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வைவா முடித்த மாணவர் இறந்துபோனால், திருத்திய பிரதி ஒழுங்காக இருக்கும் பட்சத்தில் கமிட்டி பட்டம் தரலாம் என்று விதி இருக்கிறது, கைடே அந்தப் பக்கத்தைக் கோடு போட்டுக் காட்டினார். பத்து நாள் கழித்து செக்‌ஷன் கிளார்க் அம்மா கூப்பிட்டு அனுப்பினார். நல்ல மனுஷி, உட்காரச் சொல்லிவிட்டு ஃபைலைத் திருப்பிக் காட்டினார். அஞ்சு அறிக்கையிலும் கையெழுத்து அச்சு மாதிரி ஒண்ணா இருக்கு, இது மட்டும் வேற மாதிரி இருக்கேம்மா, சார் போன பிறகு வேற யாராவது போட்டாங்களா என்று கேட்டார். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார். நான் போட்டதெல்லாம் அவருடையதாகிவிட்டது, அவர் போட்டது ஒன்றே ஒன்று, அது போலி ஆகிவிட்டது.

இந்த இடத்தில் நான் ஒரு புத்திசாலித்தனம் செய்தேன் பார், அதைத்தான் உன்னிடம் மறைத்துவிட்டேன். யாரையும் கேட்காமல் நேராக டாக்டரிடம் போய், கை நடுக்கம் இருந்தது என்று ஒரு கடிதம் கேட்டேன். பாவம், அவர் பழைய சீட்டுகளை எல்லாம் புரட்டி, இன்ன தேதியிலிருந்து நடுக்கம், பேனா பிடித்து எழுத இயலாத நிலை என்று பொறுப்பாக எழுதிக்கொடுத்தார். நான் அப்பாவின் பெயரில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று இரண்டு தடவை படித்தேன், தேதியைப் படிக்கவில்லை. எந்த ஆபீசில் எதைக் கொடுத்தாலும் முதலில் தபால் பிரிவில் முத்திரை வாங்கு, அப்புறம் ஆளிடம் கொடு, இல்லாவிட்டால் வரவே இல்லை என்பார்கள் என்று அப்பா எனக்குப் பாடம் எடுத்திருந்தாரே, அதன்படி முத்திரை குத்தி, எண் போட்டு, ரசீது வாங்கிக்கொண்டு பெருமையாக கிளார்க் அம்மாவிடம் நீட்டினேன். அவர் படித்தார், ஃபைலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எழுதவே முடியாதுன்னு டாக்டர் சொல்ற தேதிக்கு அப்புறம்தானேம்மா இந்த அஞ்சும் வந்திருக்கு என்றார். முத்திரை இல்லாம இருந்தா நான் பார்க்கலைன்னு திருப்பிக் கொடுத்திருப்பேனே என்று அவரே தலையில் கைவைத்துக்கொண்டார். சொந்த செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதற்கு ரசீது வேறு வாங்கிக்கொண்டு வந்தவள் உன் அம்மா.

அப்புறமும் அந்த அம்மா ஒரு வழி சொன்னார். டாக்டர் வருஷத்தைத் தப்பாப் போட்டுட்டார்னு இன்னொரு கடிதம் கொண்டுவாங்க, இந்த உறுதிமொழிப் பக்கத்தை மட்டும் எடுத்துட்டுப் போய், அந்த அஞ்சு மாதிரியே இருக்கிற பக்கமா மாத்தி வச்சுக் கொண்டுவாங்க, ஒருத்தரும் கேக்க மாட்டாங்க என்றார். அன்றைக்குத்தான் உனக்குப் போன் போட்டேன். பக்கத்தை மாற்றச் சொல்கிறார்கள் என்று மட்டும் சொன்னேன், நீயும் யோசிக்காமல், நீயே போட்டுடும்மா, நீ போடாத கையெழுத்தா என்று சிரித்தாய். உன்மேல் தப்பில்லை. நானும் அப்படித்தான் நினைத்து வெள்ளைத் தாளை மேசையில் வைத்தேன். மூன்று நாள் வைத்திருந்தேன். சாப்பிட உட்காரும்போது ஓரமாகத் தள்ளிவைப்பேன், சாப்பிட்டுவிட்டுத் திரும்ப இழுத்து வைத்துக்கொள்வேன். அவர் உயிரோடு இருக்கும்போது போட்டதெல்லாம் அவர் போடச் சொல்லிப் போட்டது. இதை மட்டும் போடாதே என்று சொன்னவர் இப்போது கேட்க ஆளில்லை என்பதற்காகப் போடுவதா? போட்டால் அவர் பாடுபட்டுப் போட்ட அந்த ஒன்றை என் கையாலேயே கிழித்துப் போடவேண்டும். எனக்கு மனசு வரவில்லை பெரியவனே.

முதலில் கைடிடம் போனேன், நான் உண்மையைச் சொன்னால் அவர் தலையும் உருளுமே. அவர், நான் கூடத்துல உக்காந்து டீ குடிச்சது எனக்கும் தெரியும்தானேம்மா, சொல்லுங்க என்றார். செவ்வாய்க்கிழமை நீளமான ஒரு அறையில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். கமிட்டித் தலைவி எனக்குத் தண்ணீர் ஊற்றி வைத்தார். ஐந்தும் நான் போட்டது, இது ஒன்றுதான் அவர் போட்டது என்று சொல்லிவிட்டேன். ஒருவர், அப்ப ஆராய்ச்சியும் நீங்க செஞ்சதுதானா என்று கேட்டார். ஐயா, எனக்கு வகுத்தலே தகராறு, அந்தத் தீசிஸ்ல இருக்கிற தப்புல பாதி நான் போட்டதாத்தான் இருக்கும் என்றேன், ஒருவரும் சிரிக்கவில்லை. தலைவி ஒரு வெள்ளைத் தாளை என் முன்னால் தள்ளி, அந்தக் கையெழுத்தைப் போட்டுக் காட்டுங்கம்மா என்றார். மூன்று நாளாக வராத கை, பேனாவை வைத்ததும் ஓடிவிட்டது. சுழி, கோடு, இரண்டு புள்ளி. தாள் ஒவ்வொருவர் கையாகப் போய் வந்தது. எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது, அவர் போய் இத்தனை நாளில் அவர் பெயரை நான் எழுதவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

பட்டம் இல்லை. அவர் கையால் போடாத அறிக்கை வராத அறிக்கைக்குச் சமமாம், அதனால் நான்காம் வருஷத்திலேயே பதிவு காலாவதி ஆகிவிட்டதாகக் கணக்காம், அதற்குப் பிறகு நடந்த வைவாவும் செல்லாது. உங்க நேர்மையை மதிக்கிறோம்மா, ஆனா விதியை மீற எங்களுக்கு அதிகாரம் இல்லை என்றார் தலைவி, அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது, திட்டவும் தோன்றவில்லை. கைடுக்கு ஒரு மெமோ, தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது. நான் அவர்கள் முன்னால் போட்டுக் காட்டிய தாளை ஆதாரம் என்று எண் போட்டு ஃபைலில் வைத்துக்கொண்டார்கள். அப்பா போட்ட பக்கம் இனி தேவையில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். போலி உள்ளே இருக்கிறது, அசல் என் பையில் வீட்டுக்கு வந்தது.

நீ கோபப்பட்டால் நியாயம்தான். உன் தங்கை, சொல்லாம இருந்திருக்கலாமேம்மா என்று அழுதாள். உன் அப்பாவின் ஏழு வருஷத்தை நான் ஐந்து கையெழுத்தில் அழித்துவிட்டேன், அந்த ஐந்தை மறைக்க ஆறாவது போடாமல் இருந்தது சரிதானா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. அவர் இருந்தால் மெச்சியிருப்பார் என்று சொல்லி என்னைத் தேற்றாதே, ஒருவேளை கத்தியிருப்பார். அவ்வளவு ஆசைப்பட்டார்.

நீயும் மருமகளும் நோய் நொடி இல்லாமல் பல்லாண்டு நன்றாக இருக்கவேண்டும், அவளுக்கு என் ஆசீர்வாதத்தைச் சொல். வேளைக்குச் சாப்பிடு, மாடிப்படியில் இறங்கும்போது போனைப் பார்க்காதே. மறந்துவிடாமல் ஒன்று, பட்டமளிப்பு விழாவில் அப்பாவுக்குப் பதிலாக நீ மேடை ஏறுவதற்கு என்று ஒரு வார லீவு எழுதிக் கொடுத்திருப்பதாக மருமகள் சொன்னாள். அதை ரத்து செய்யாதே. காரணம் என்று இருக்கும் இடத்தில் எழுதியதை மட்டும் அடித்துவிட்டு, அம்மா தனியாக இருக்கிறாள் என்று எழுது. அதற்கு எந்த ஆதாரமும் கேட்கமாட்டார்கள்.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்க்கும்
அம்மா