எமில் ஹவ்ரிலா பார்த்துக்கொண்டு நின்ற கேலரி

அனுப்புநர்:
கர்டிஸ் பெட்டிஃபோர்ட்,
பள்ளி மைதானப் பராமரிப்பாளர் (தற்போது பணியிடை நீக்கத்தில்),
செங்கல் சூளைச் சாலை,
காலோவே மில்ஸ், பென்சில்வேனியா.

பெறுநர்:
திருமதி ஐலீன் ஸ்டவுட் அவர்கள்,
கட்டடப் பாதுகாப்பு ஆய்வாளர்,
ஹார்க்நெஸ் மாவட்டம்.

பொருள்: காலோவே மில்ஸ் உயர்நிலைப் பள்ளி மைதானத்தின் உள்ளூர்ப் பக்கத்துக் கேலரியை வரும் வெள்ளிக்கிழமை திறக்கவிடாமல் தடுத்து, உடனே ஆய்வு செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

இன்று காலை தங்கள் அலுவலகத்திற்குத் தொலைபேசியில் பேசியபோது, எதுவானாலும் எழுத்தில் கொடுக்கும்படி சொன்னார்கள். தாங்கள் வேறு மாநிலத்திலிருந்து இவ்வாண்டுதான் வந்து பொறுப்பேற்றீர்கள் என்றும், கால்பந்து பார்க்கும் வழக்கமில்லாதவர் என்றும் கூடவே சொன்னார்கள். இந்த மாவட்டத்தில் அப்படி ஒருவர் இருப்பது எனக்கு ஆறுதல். எமில் ஹவ்ரிலாவின் பெயரைக் கண்டதும் கோபமோ கண்ணீரோ வராமல் இதை முழுவதும் படிக்கத் தங்களால் முடியும்.

எங்கள் அமெரிக்கக் கால்பந்தில், பந்தைக் கையில் வைத்திருக்கும் அணி அதைச் சுமந்து முன்னேறப் பார்க்கும். எதிரணி அவர்களை உடலால் மறித்துக் கீழே சாய்க்கும். மறிக்கும் பதினொருவரில் நட்டநடுவே நின்றவர் எமில். எல்லோருக்கும் பின்னால் கடைசி ஆளாக நின்றவன் நான். தொழில்முறை அணியில் ஒன்பது பருவங்கள் அவருடைய முதுகைப் பார்த்தபடியே நின்றேன். பிறகு அவர் தங்கை ரோசலினை மணந்து, ஜார்ஜியாவை விட்டு இந்த ஊருக்கே குடிவந்தேன். அவர் என் மைத்துனர். எங்கள் வீட்டுப் பின்னறையில்தான் வசிக்கிறார். இதைப் பின்னால் யாராவது தங்களிடம் சொல்லி மனுவை ஒதுக்கச் செய்யலாம் என்பதால் நானே முதலில் சொல்லிவிடுகிறேன்.

அவர் எப்படி ஆடினார் என்பதைச் சொல்லாமல் கேலரியைப் பற்றிச் சொல்ல முடியாது. ஒரு டிசம்பர் ஆட்டத்தில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. கோடுகள் எதுவும் தெரியவில்லை. எதிரணியினர் இன்னும் வட்டமாகக் கூடித் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தார்கள். எமில் தன் இடத்தை விட்டு வலப்புற ஓரம் வரை நடந்துபோய், யாருமே இல்லாத ஓரிடத்தில் நின்றார். பனியில் இடம் தெரியாமல் போய்விட்டார் என்று நினைத்து நான் கத்தினேன், அவர் திரும்பவில்லை. ஆட்டம் தொடங்கியதும், பந்தோடு ஓடிவந்தவன் தன் ஆட்கள் மேலேயே தடுக்கித் திசை மாறி, யாரோ கையைப் பிடித்து அழைத்துவந்ததுபோல நேராக எமிலின் நெஞ்சில் வந்து மோதினான். மறுநாள் பயிற்சியாளர் அந்த ஆட்டத்தைப் பிடித்திருந்த படத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துவிட்டு, எப்படி என்று கேட்டார்.

“ஆளு வர்றதுக்கு முன்னாடி அந்த எடம் கனக்கும் கோச். கனக்குற எடத்துல போயி நிப்பேன், அவ்ளோதான்” என்றார் எமில்.

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். பயிற்சியாளர் மட்டும் சிரிக்கவில்லை. படக்கருவியை அணைத்துவிட்டு விளக்கைப் போடச் சொன்னார்.

அவருடைய ஆட்ட வாழ்வு முடிந்த விதத்தையும் தாங்கள் அறிய வேண்டும். இறுதிச்சுற்றுக்கு முந்தைய ஆட்டம். எதிரணியில் பந்தோடு ஓடும் இளைஞன் ஒருவன் நேராக எமிலை நோக்கி வந்தான். தப்பவே முடியாத நிலை. எமில் கதவு திறப்பதுபோலத் தோளை ஒதுக்கி அவனை உள்ளே விட்டார். என்னாலும் பிடிக்க முடியவில்லை. தோற்றோம். மைதானம் முழுவதும் அவர் பெயரைச் சொல்லித் திட்டியது. உடை மாற்றும் அறையில் ஒருவரும் அவரோடு பேசவில்லை. நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து, ஏன் விட்டாய் என்று கேட்டேன். மணிக்கட்டில் சுற்றியிருந்த பட்டையைப் பிரித்துக்கொண்டே, “இடிச்சிருந்தா எந்திரிச்சிருக்க மாட்டான், கர்டிஸ்” என்றார்.

அந்த வசந்தத்தில் அணி அவரை விடுவித்தது. வேறு எந்த அணியும் எடுத்துக்கொள்ளவில்லை. விலைபோய்விட்டார் என்று பத்திரிகைகள் எழுதின. மறு ஆண்டு அந்த இளைஞனின் கழுத்தெலும்பில் பிறவியிலேயே குறை இருப்பதை மருத்துவர்கள் கண்டுபிடித்து, இனி ஆடவே கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். ஒரு மூலையில் இரண்டு வரிச் செய்தி வந்தது. அந்த இளைஞர் இப்போது மேற்கே எங்கோ பழத்தோட்டம் வைத்திருக்கிறார் என்று கேள்வி. எமில் இந்த ஊருக்குத் திரும்பி மரக்கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தார்.

நியாயமாக மறுபக்கத்தையும் சொல்கிறேன். எமிலின் தலையில் விழுந்த அடிகளுக்குக் கணக்கில்லை. தங்கையைச் சில நாட்களில் அம்மா பெயர் சொல்லி அழைக்கிறார். காப்பியில் உப்புப் போட்டுக் குடித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்கிறார். மூன்று வருடங்களுக்கு முன்பு ஊர் வங்கியின் எதிரே போய் இரண்டு நாட்கள் நின்றார். வங்கிக்கு ஒன்றும் ஆகவில்லை, இன்றும் நன்றாக நடக்கிறது. ஆகவே அவர் நின்ற இடத்தில் எல்லாம் ஏதாவது நடக்கும் என்று நான் வாதாட வரவில்லை.

பள்ளி திறந்த வாரத்திலிருந்து அவர் பிற்பகல்களில் மைதானத்திற்கு வரத் தொடங்கினார். நான் கோடு போட்டுக்கொண்டிருப்பேன். அவர் ஆட்டக்களத்தைப் பார்க்காமல், அதற்கு முதுகு காட்டி, ஆளில்லாத கேலரியைப் பார்த்து நின்றார். முழங்கால்களை மடக்கி, கைகளைத் தளரத் தொங்கவிட்டு, பந்து அசைவதற்கு முன் நிற்பாரே, அதே நிலை. அறுபதை நெருங்கும் மனிதர் அப்படி வெயிலில் நிற்பதைப் பார்த்துப் பிள்ளைகள் சிரித்தார்கள். நாளுக்கு நாள் இடப்பக்கமாக நகர்ந்துகொண்டே வந்தவர், அறிவிப்பாளர் அறைக்கு நேர் கீழே உள்ள பகுதிக்கு எதிரே வந்ததும் நின்றுவிட்டார். அதன்பின் வேறெங்கும் போகவில்லை.

ஒரு நாள் வேலையைப் போட்டுவிட்டு அவருக்குப் பின்னால், பழைய தூரத்தில், போய் நின்றேன். வெறும் பலகைகள்தான் எனக்குத் தெரிந்தன. ஆனால் அவர் முதுகு எனக்குத் தெரிந்த முதுகு. எதிரே முழு அணியும் நிற்கும்போதுதான் அது அப்படி இறுகும்.

“உக்காந்திருக்காங்க, கர்டிஸ்” என்றார், திரும்பாமலே.

யார் என்று கேட்டேன். “எல்லாரும்” என்றார். “எந்திரிக்க வேணாம்னு மட்டும் சொல்லு. உக்காந்தே இருந்தா ஒண்ணுமில்ல” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “ரோசலினும் இருக்கா. மேலருந்து நாலாவது வரிச. ஒன்னோட கோட்டப் போட்டிருக்கா” என்றார்.

உண்மையில் அதைக் கேட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அண்ணனைத் திட்டிய அந்தக் கூட்டத்தைப் பார்த்த நாளிலிருந்து என் மனைவி எந்த ஆட்டத்திற்கும் வந்ததில்லை. அவளுக்குச் சொந்தமாக நல்ல கோட்டும் இருக்கிறது. மூளை குழம்பிப் பேசுகிறார் என்று முடிவு செய்துகொண்டேன்.

ஆனாலும் அன்று மாலையே டார்ச்சும் ஸ்பேனரும் எடுத்துக்கொண்டு கேலரிக்கு அடியில் புகுந்தேன். நான் பொறியாளன் அல்ல. என் கண்ணுக்குக் குறை எதுவும் படவில்லை. கோடையில் அடித்த வண்ணம் புதிதாக இருந்தது. ஸ்பேனர் வைத்த போல்ட் ஒவ்வொன்றும் இறுக்கமாக இருந்தது. இருந்தும் தலைமையாசிரியர் திரு. க்ரூபாவிடம் போய், பழைய மாணவர் தின ஆட்டத்திற்கு முன்பு தகுதியானவர்களை அழைத்துக் காட்டலாம் என்றேன். அவர் மரியாதையாகவே பேசினார். என்னை உட்காரச் சொன்னார். “எமிலுக்குத் தலையில எத்தன அடி விழுந்திருக்குன்னு ஊருக்கே தெரியும். ஒனக்குத் தெரியாதா, கர்டிஸ்?” என்று கேட்டார். அந்த வாரமே ஷெரிஃப் அலுவலகத்திலிருந்து ஒருவர் வீட்டிற்கு வந்து, எமில் இனி மைதானத்திற்குள் கால் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். எமில் கீழ்ப்படிந்தார். சமையலறையில், பள்ளி இருக்கும் திசையில் உள்ள சுவரைப் பார்த்து நிற்கத் தொடங்கினார். ரோசலின் அவரைச் சுற்றிக்கொண்டு போய்த்தான் அடுப்பைப் பற்ற வைப்பாள்.

கடந்த வெள்ளிக்கிழமை பழைய மாணவர் தினம். மாலை ஐந்து மணிக்குக் கேலரியின் கதவுகளைத் திறப்பது என் வேலை. கூட்டம் வெளியே சேர்ந்துவிட்டது. தேவாலயத்துப் பெண்கள் உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை விற்றுக்கொண்டிருந்தார்கள். எமில் இளமையில் ஆடிய பள்ளி அணியை அன்று கௌரவிப்பதாக ஏற்பாடு. அவரையே வரக்கூடாது என்று சொல்லிவிட்டதால், அவர் சார்பில் பதக்கத்தை வாங்க ரோசலினைத் தொலைபேசியில் அழைத்திருக்கிறார்கள். அவள் அதை என்னிடம் சொல்லவில்லை. போகலாமா என்று கடைசி நிமிடம் வரை அவளுக்கே தெரியவில்லையாம்.

நான் சாவியைப் பூட்டில் நுழைத்துவிட்டேன். வண்டிகள் நிற்கும் இடத்தைக் கடந்து அவள் நடந்து வருவது தெரிந்தது. என்னுடைய பழுப்புக் கோட்டைப் போட்டு, நீண்டு தொங்கும் கைகளை மடித்துவிட்டிருந்தாள். கிட்டே வந்ததும், “என்னோடதுல ஜிப் பிஞ்சிருச்சு, ஒங்களோடத எடுத்து மாட்டிட்டு வந்தேன்” என்றாள்.

நான் சாவியை உருவிக்கொண்டு, புல்வெட்டும் வண்டியைக் கட்டும் சங்கிலியால் எல்லாக் கதவுகளையும் சேர்த்துப் பிணைத்துப் பூட்டினேன். சாவிகளைக் கேலரிக்குப் பின்னால் ஓடும் சாக்கடையில் போட்டேன். இவை எல்லாம் நான் செய்தவைதான்; மறுக்கவில்லை. திரு. க்ரூபா சங்கிலி வெட்டும் கருவிக்கு ஆள் அனுப்பினார். அது பக்கத்து ஊர்த் தீயணைப்பு நிலையத்தில் இருந்தது. அது வரும்வரை மக்களைக் களத்து வேலியோரமும் மண்மேட்டிலும் நிற்கச் சொன்னார்கள். என்னைத் தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் போகிற போக்கில் ஆளுக்கொரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்கள். ஆட்டம் தொடங்கியது.

முதற்பாதி முடிவதற்குள் எங்கள் பையன் ஒருவன் பந்தை எல்லை வரை கொண்டுபோனான். வேலியோரம் நின்ற ஊர் முழுவதும் ஆர்ப்பரித்தது. அந்தக் கணத்தில் எங்களுக்குப் பின்னால், பூட்டிக் கிடந்த கேலரியில், நூற்றுக்கணக்கானோர் ஒரே நேரத்தில் எழுந்தால் பலகைகள் எப்படி அதிருமோ அப்படி ஓர் ஒலி எழுந்தது. தொடர்ந்து, கீழே எங்கேயோ இரும்பு ஒருமுறை தெறித்தது. ஆரவாரம் பாதியில் நின்றது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பலகைகள் வரிசை வரிசையாகக் காலியாகக் கிடந்தன. அம்மையீர், அன்று காற்றே இல்லை. கொடிக்கம்பத்தில் கொடி துவண்டு தொங்கிக்கொண்டிருந்தது.

சங்கிலி வெட்டும் கருவி இடைவேளையில் வந்து சேர்ந்தது. சங்கிலியையும் பூட்டுகளையும் வெட்டினார்கள். கதவு திறந்தே கிடந்தது. யாரும் யாரையும் தடுக்கவில்லை. குழந்தை முதல் கிழவர் வரை ஒருவர்கூட உள்ளே போகவில்லை. ஆட்டம் முடியும்வரை குளிரில் வேலியோரமே நின்றார்கள். அதைப் பற்றி ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளவும் இல்லை.

நானும் ரோசலினும் வீடு திரும்பியபோது எமில் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வியர்த்து, முழு ஆட்டமும் ஆடியவர்போலக் களைத்திருந்தார். யாரும் கேலரியில் ஏறவில்லை, எல்லோரும் நலம் என்று சொன்னேன்.

“அப்போ எந்திரிச்சது யாரு?” என்று கேட்டார்.

கேலரியில் கேட்ட ஒலியைப் பற்றி எதையும் அதுவரை நாங்கள் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. எங்கள் வீட்டிலிருந்து பார்த்தால் மைதானம் தெரியாது. இடையில் ஒரு குன்று இருக்கிறது.

மறுநாள் காலை திரு. க்ரூபா என்னைப் பணியிடை நீக்கம் செய்தார். கேட்டது காற்றின் ஓசை என்றும், வரும் வெள்ளிக்கிழமை கேலரி வழக்கம்போல் திறக்கப்படும் என்றும் சொன்னார். என் கருவிகளை எடுத்துக்கொள்ள அனுமதித்தார். அவற்றை எடுக்கப் போனபோது கடைசி முறையாகக் கேலரிக்கு அடியில் புகுந்து பார்த்தேன். எமில் பார்த்துக்கொண்டு நின்ற பகுதியைத் தாங்கும் உத்திரத்தின் கீழே, நான் ஸ்பேனர் வைத்து அசையாமல் இருந்த போல்ட் இரண்டு துண்டாகத் தரையில் கிடந்தது. உத்திரம் ஒரு பக்கம் இறங்கியிருக்கிறது. எந்த எடை அதை முறித்தது என்பதைத் தங்களிடம் நான் கேட்கவில்லை. அந்தக் கேள்விக்குத் தங்கள் அலுவலகம் பொறுப்பல்ல.

இம்மனுவில் கையெழுத்துக் கேட்டு அன்று வேலியோரம் நின்றவர்களின் வீடுகளுக்குப் போனேன். எல்லோரும் அன்போடு உள்ளே அழைத்துக் காப்பி கொடுத்தார்கள். ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை. ஆகவே இதில் என் ஒருவன் பெயர் மட்டுமே இருக்கிறது.

வெள்ளிக்கிழமைக்குள் தாங்கள் நேரில் வந்து அந்த உத்திரத்தைப் பார்க்க வேண்டும். பார்க்க இயலாவிடில், பார்க்கும்வரை கேலரியை மூடி முத்திரையிட வேண்டும். யாருக்கும் எந்தத் தீங்கும் செய்யாத எமில் ஹவ்ரிலா மீதான தடையை நீக்கத் தாங்கள் ஒரு வார்த்தை சொன்னால் நன்றியுடையவனாவேன். பூட்டும் சங்கிலியும் தொடர்பாக என்மீது எடுக்கப்படும் நடவடிக்கையை நான் தனியே சந்தித்துக்கொள்கிறேன். அதற்காக இதை எழுதவில்லை. மேலே சொன்னவற்றில் தங்களால் நம்ப முடியாததை எல்லாம் அடித்துவிட்டு, மிஞ்சுவதை மட்டும் வைத்துக்கொண்டு நடவடிக்கை எடுத்தாலும் போதும். இரும்பு மிஞ்சும்.

இடம்: காலோவே மில்ஸ்
நாள்: 21 அக்டோபர் 1996

இப்படிக்கு,
தங்கள் வருகையை எதிர்நோக்கும்,
கர்டிஸ் பெட்டிஃபோர்ட்

இணைப்பு: முறிந்த போல்ட்டின் மேல் துண்டு, துணியில் சுற்றியது. கீழ்த்துண்டு என்னிடம் உள்ளது.