படகில் இறங்கிய யானை

ஞாயிறு, இரவு

உலகத்தாருக்கு ஒரு முக்கிய அறிவிப்பு: சாந்தன்பாறை எஸ்டேட் லயத்து வரிசைவீட்டு மக்கள் இன்று கொச்சியில் படகேறி, பாட்டுக் கச்சேரி கேட்டபடி பிரியாணி தின்றார்கள்.

பாடகர் என்னிடம் மைக்கை நீட்டி, "தம்பி, ஏதாச்சும் சொல்லு" என்றார். சொன்னேன். "ஆனை எறங்கிருச்சு, இடது பக்கம்."

காட்டானை வந்துபோகும் எங்கள் மலையில் அதைக் கேட்டால் யாரும் யோசிப்பதில்லை, கால்தான் முதலில் ஓடும். தண்ணீரின் மேலும் ஓடியது. எல்லாரும் வலது பக்கம் குவிய, படகு சரிந்தது. தட்டுகள் வழுக்கிப் போயின. நீச்சல் தெரியாத அம்மா கம்பியில் நசுங்கிப் பாதி வெளியே தொங்கினாள்.

"ஓடாம நடுவுக்கு வாங்க" என்று படகுக்காரர் கத்தினார். மெல்ல வந்தார்கள். படகு நிமிர்ந்தது.

பக்கத்து வீட்டு மாரியண்ணன் என் காதைத் திருகினார். "தண்ணிக்குள்ள ஏதுடா ஆனை?"

"அப்ப நீங்க எதுக்குண்ணே ஓடுனீங்க?"

யாரும் சிரிக்கவில்லை. அம்மா இதுவரை என்னிடம் பேசவில்லை.

திரும்பும்போது வேனில் தம்பியிடம் அளந்தேன்: இடது பக்கம் நான் ஒருத்தன் அசையாமல் நின்றதால்தான் படகு கவிழவில்லை என்று.

அசையாமல் நின்றது நிஜம்தான். தூணைக் கட்டிக்கொண்டு கண்ணை இறுக்கி மூடியிருந்தேன். படகு நிமிர்ந்த பிறகும் விடவில்லை. அம்மாதான் வந்து என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.