வேப்பிலை கட்டின கம்பத்துக்கு அந்தப் பக்கம்

காமாட்சியம்மன் துணை

பிள்ளையார்பாளையம்,
ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் கலைவாணிக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் உன் தங்கை மகாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், மகாவின் வலது கணுக்காலைத் தவிர, அதைப் பிறகு சொல்கிறேன், பயப்படாதே. நீயும் மாப்பிள்ளையும் அந்த மஸ்கட் வெயிலில் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும் என்று உங்கள் இரண்டு பேர் பெயரையும் அம்மனிடம் சொல்லிவிட்டுத்தான் காலையில் அடுப்பைப் பற்றவைக்கிறேன்.

போனில் சொல்லலாமே, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் முக்கியமான இடத்துக்கு வரும்போதுதான் உனக்கு டியூட்டிக்கு நேரமாகிறது. கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது, கடைசி வரை படித்துத்தான் ஆக வேண்டும். பள்ளிக்கூடம் போகாதவள் இத்தனை பக்கம் எழுதுகிறாளே என்று மாப்பிள்ளை ஆச்சரியப்பட்டால் சொல், நீ ஒன்றாம் வகுப்பில் எழுதி அழித்த சிலேட்டில் உன் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிப் பழகின கை இது என்று. எழுத்து கோணலாக இருந்தால் பாதிப் பழி உனக்குத்தான்.

ஊர்ச் செய்தி பெரிதாக ஒன்றுமில்லை. மழை இரண்டு நாள் பெய்து தறிக்குழியில் ஈரம் ஏறி, அப்பா காலுக்குக் கீழே சாக்கு போட்டுக்கொண்டு நெய்கிறார். ஆவணி முகூர்த்தத்துக்கு ஒரு மாம்பழக் கலர் சேலை தறியில் இருக்கிறது. கோர்வைக் கரை என்பதால் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து, கரை நூல் கோத்த மர நாடாவைத் தள்ள ஒரு ஆள் வேண்டும், அது நான்தான். நான் எழுந்து போனால் அவர் தறி நின்றுவிடும். இதை நினைவில் வைத்துக்கொள், பின்னால் வரும்.

உன் தங்கை விஷயத்துக்கு வருகிறேன். நீ ஊரில் பார்த்த மகா இப்போது இல்லை. தலையை நான் வாரக் கூடாதாம். சாப்பாட்டு டப்பாவில் என்ன வைக்க வேண்டும் என்று அவளே சொல்வாளாம். விடிந்ததும் வாலிபால் பயிற்சி என்று மைதானத்துக்கு ஓடுகிறாள், நீதான் அங்கிருந்து ஷூ அனுப்பினாய், அதை நான் மறக்கவில்லை. இதெல்லாம் போகட்டும். நம் வீட்டில் தறி போக மீதி எவ்வளவு இடம் என்று உனக்குத் தெரியும். அந்த மூலையில் அவள் கட்டிலைச் சுற்றி என் பழைய அரக்குச் சேலையைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு, 'உள்ள வர்றதுக்கு முன்ன தட்டிட்டு வாம்மா' என்கிறாள். சேலையை எப்படியடி தட்டுவது என்று கேட்டேன். 'அப்பாவுக்குத் தெரியுது, உனக்கு மட்டும் தெரியல' என்றாள். உன் அப்பா நாடாவை எடுத்துத் தறிக்கட்டையில் டக்கு டக்கென்று தட்டிவிட்டு, 'மகா, வரலாமா' என்று கேட்கிறார், தன் வீட்டிலேயே விருந்தாளி மாதிரி. நான் தட்டவில்லை. என் சேலை, என் வீடு, நான் பெற்ற பெண். விலக்கிக்கொண்டு நேராகத்தான் போனேன். அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள், நானும் வைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் வேலூர் விஷயம் வந்தது. அங்கே ஒரு கல்லூரியில் வாலிபால் ஆடும் பெண்களுக்கு ஒரு வெள்ளிக்கிழமை ஆட்டத் தேர்வு, எடுத்துக்கொண்டால் படிப்பும் விடுதியும் இலவசம் என்று அவள் பன்னிரண்டாவது முடித்த பள்ளிக்கூடத்து மேரி டீச்சர் சொல்லியிருக்கிறாள். நான் முடியாது என்றேன். இங்கே காஞ்சிபுரத்தில் கல்லூரி இல்லையா, காலையில் போய் சாயங்காலம் வந்து என் கையால் சாப்பிட்டால் ஆகாதா. மேரி டீச்சர் வீட்டுக்கே வந்து, 'தைரியமா அனுப்புங்கம்மா, அவ போயிட்டு வந்துடுவா' என்றாள். காபி கொடுத்து, பூ வைத்து, முடியாது என்று சொல்லி அனுப்பினேன். அந்த வாரம்தான் நீயும் போனில், 'எனக்குத்தான் கெடைக்கல, அவளையாவது விடும்மா' என்றாய். உனக்கு என்ன கிடைக்கவில்லை கலை? பள்ளிக்கு, டியூஷனுக்கு, நர்சிங் படிப்புக்கு, சென்னையில் இன்டர்வியூவுக்கு, எல்லா இடத்துக்கும் உன்னோடு வந்து வெளியே வெயிலில் உட்கார்ந்திருந்தவள் நான்.

நம் தெரு அம்மனுக்கு ஆடியில் காப்புக் கட்டுவது உனக்குத் தெரியும். கட்டிக்கொண்டவர்கள் திருவிழா முடிந்து அவிழ்க்கும் வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. இந்த வருஷம் வீட்டில் மூன்று பேரும் கட்டிக்கொள்வதாகப் பூசாரி முருகேசனிடம் பெயர் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை அதற்கு நடுவில் வந்தது என்றால் அது அம்மன் பார்த்து வைத்த நாள், நான் வைத்ததில்லை. நான் திட்டம் போட்டுக் கட்டினேன் என்று உன் அப்பா சொல்கிறார். சொல்லட்டும்.

கோவில் வாசலில் தெருவே நிற்கிறது. மஞ்சள் கயிறு எனக்குக் கட்டியாகிவிட்டது, உன் அப்பாவுக்கும் கட்டியாகிவிட்டது. முருகேசன் மூன்றாவது கயிற்றை எடுத்து 'கைய நீட்டுமா' என்றான். உன் தங்கை கையைப் பின்னால் வைத்துக்கொண்டாள். எதிர்வீட்டுக் காமாட்சியம்மாள் விடுவாளா, 'இன்னா லோகா, உன் பொண்ணு அம்மனுக்கே டிமிக்கி குடுக்குது' என்று எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி சொன்னாள். மகா அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பூசாரியைப் பார்த்து, 'நான் வெள்ளிக்கெழம வேலூர் போவணும்ணா. கட்டிக்கினு தாண்டினா அம்மனுக்குத் தப்பு. அதான் கட்டிக்கல. பொய்யா கட்டிக்கினு நிக்கறதவிட இது மேல் இல்லியா?' என்றாள். அந்த முருகேசன் என்ன சொல்ல வேண்டும்? 'பொண்ணு சொல்றது நாயந்தாம்மா' என்கிறான். வருஷா வருஷம் கூழுக்குக் கேழ்வரகு நான் கொடுக்கிறேன், நியாயம் அவளுக்குச் சொல்கிறான். மிஞ்சின கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டான், நான் முந்தானையில் முடிந்துகொண்டேன். வழியெல்லாம் உன் அப்பா சிரித்துக்கொண்டே வந்தார். 'நம்ம ரெண்டு பேரையும் நல்லா கட்டிப் போட்டியே லோகா. இனிமே அவகூட யாரு போறது? தனியாதான் போவணும்' என்றார். அது எனக்கு அந்த நிமிஷம் வரை தோன்றவே இல்லை.

உன் மாமாவைத் துணைக்கு அனுப்புகிறேன் என்றேன். 'மாமா வந்தா கோர்ட்ல எறங்கி அவரே ஆடுவாரு, வேணாம்' என்றாள். வெள்ளிக்கிழமை காலையில் நான் அவளோடு பேசவில்லை. பேசாமலே இட்லி வார்த்து மிளகாய்ப்பொடி தடவி இலையில் கட்டி அவள் பையில் வைத்தேன். ஆடப் போகிறவளுக்குப் பாரம் என்று எடுத்து வெளியே வைத்தாள். நான் மறுபடி வைத்தேன். கடைசியில் எடுத்துக்கொண்டுதான் போனாள். வாசலில் நின்று, 'போய்ட்டு வரேம்மா' என்றாள், நான் அவள் தெருமுனை திரும்புகிற வரை பார்த்தேன்.

அன்றைக்குக் கோர்வைக்கு உட்கார்ந்தால் கை ஓடவில்லை. மத்தியானம் அவள் அப்பாவுக்கு மட்டும், 'ஆட்டம் நடக்குது, முடிஞ்சதும் பஸ் ஏறுவேன்' என்று மெசேஜ் அனுப்பினாள். எனக்கு அனுப்பவில்லை. அதற்குப் பிறகு அவள் போன் அணைந்துவிட்டது. சாயங்காலம் கூழுக்கு வேப்பிலை பறிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வேலூர் பஸ் வருகிற ஒலிமுகமதுபேட்டைப் பக்கம் நடந்தேன். நம் தெருவிலேயே வேப்பமரம் இருக்கிறது என்று உன் அப்பா சொன்னது காதில் விழுந்தது. அங்கே எல்லைக்கு அடையாளமாக ஒரு மின்கம்பத்தில் முருகேசன் வேப்பிலை கட்டியிருந்தான். அதற்கு இந்தப் பக்கம் நின்றேன். வேலூர் பஸ் ஒன்று வந்தது, அவள் இல்லை. இன்னொன்று வந்தது, அதிலும் இல்லை. கொஞ்ச நேரத்தில் உன் அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தார். எதற்கு வந்தீர்கள் என்றேன். 'நாடா தள்ள ஆளில்ல, தறிய நிறுத்திட்டேன்' என்றார். இரண்டு பேரும் கையில் மஞ்சள் கயிற்றோடு, தாண்டவும் முடியாமல் வீட்டுக்குத் திரும்பவும் முடியாமல் நிற்கிறோம். டீக்கடைக்காரர் என்ன நினைத்தாரோ, கேட்காமலே இரண்டு டீ கொண்டுவந்து கொடுத்தார்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஒரு ஷேர் ஆட்டோ வந்து, கம்பத்துக்கு அந்தப் பக்கம் கொஞ்ச தூரத்திலேயே நின்று, ஆளை இறக்கிவிட்டுத் திரும்பிப் போய்விட்டது. பாலுசெட்டிசத்திரத்தில் பஸ் பழுதாகி நின்றுவிட்டதாம். இறங்கினது மகாதான். ஒரு காலைத் தரையில் சரியாக ஊன்ற முடியாமல், பையைத் தோளில் போட்டுக்கொண்டு நொண்டி நொண்டி வருகிறாள். என்னடி ஆச்சு என்று கத்திக்கொண்டு ஓடப் போனேன். அவள் அங்கிருந்தே கையை நீட்டி, 'ம்மா, நில்லு! தாண்டாத! காப்பு கட்டிக்கினு இருக்கற. ஒண்ணும் இல்ல, சுளுக்குதான். நானே வரேன், நீ அங்கயே இரு' என்று கத்தினாள்.

நான் நின்றேன் கலை. உன்னையும் அவளையும் பெற்ற நாளிலிருந்து, நீங்கள் விழுந்தால் நான்தான் ஓடி வந்து தூக்கியிருக்கிறேன். என் பெண் என்னை நோக்கி நொண்டிக்கொண்டு வருவதை நின்ற இடத்திலிருந்து பார்த்தது அதுதான் முதல் தடவை. அந்தக் கொஞ்சத் தூரத்துக்கு அவள் எடுத்துக்கொண்ட நேரத்தில் நான் கும்பிடாத சாமி இல்லை. அவள் முகத்தில் வலி இருந்தது, ஆனால் பயம் இல்லை, சிரித்துக்கொண்டே வந்தாள். கிட்ட வந்ததும், 'எடுத்துட்டாங்கம்மா' என்றாள். பிறகுதான் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இட்லியைத் தான் மட்டும் தின்னவில்லையாம், கூட ஆடின பெண்களுக்கும் கொடுத்தாளாம். நான் எல்லையைத் தாண்டிவிட்டேன் என்று உன் அப்பா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார், நம்பாதே. ஓடப் போன வேகத்தில் என் செருப்பு ஒன்று கழன்று அந்தப் பக்கம் போய் விழுந்தது, அவ்வளவுதான். செருப்புக்குக் காப்புக் கட்டவில்லை. அதையும் அவள்தான் எடுத்துக்கொண்டு வந்தாள்.

கட்டுப் போடும் வைத்தியரிடம் காட்டி எண்ணெய்க் கட்டுப் போட்டிருக்கிறது, வீக்கம் வடிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கூழ் ஊற்றினோம், நேற்றுக் காப்பு அவிழ்த்தார்கள். அன்று மிஞ்சின மூன்றாவது கயிறு நேற்று வரை என்னிடம்தான் இருந்தது. நேற்றுக் காலையில் அதை அவள் பெட்டியில் வைக்கலாம் என்று எடுத்துக்கொண்டு போனேன், அவள் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாள். சேலையை விலக்கக் கை போனது. பிறகு திரும்பி வந்து தறியில் இருந்த நாடாவை எடுத்துக் கட்டையில் இரண்டு தட்டுத் தட்டினேன். 'வாங்கப்பா' என்றாள். அப்பா இல்லை, நான் என்றேன். அப்புறம் அவளே சேலையை விலக்கிவிட்டாள்.

இதனால் நான் இறங்கி வந்துவிட்டேன் என்று நீங்கள் இரண்டு பேரும் போனில் சிரித்துக்கொள்ள வேண்டாம். கல்லூரியில் கொண்டுபோய் விட நான் போவேன், இப்போது காப்பு இல்லை. கேட் வரைக்கும்தான் என்று அவள் சொல்கிறாள், வார்டன் முகத்தைப் பார்க்காமல் திரும்பமாட்டேன் என்று நான் சொல்கிறேன், பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. வாரத்தில் ஒரு தடவை எனக்கு மெசேஜ் வர வேண்டும், அப்பாவுக்கு அல்ல, எனக்கு. அதற்கு ஒப்புக்கொண்டிருக்கிறாள்.

'எனக்குத்தான் கெடைக்கல' என்று நீ சொன்ன வார்த்தையை நானும் யோசித்துப் பார்த்தேன். உன்னோடு நான் வந்தது தப்பு என்று சொல்லமாட்டேன், எத்தனை தடவை கேட்டாலும் சொல்லமாட்டேன். ஆனால் தை மாதம் மாப்பிள்ளைக்கு லீவு இல்லை, நீ மட்டும் வருவதாகச் சொன்னாய் அல்லவா, வழக்கம்போல ராத்திரியே கிளம்பிச் சென்னைக்கு வந்து ஏர்போர்ட் வாசலில் காத்துக்கொண்டு நிற்கமாட்டேன். நீயே இறங்கி, நீயே வண்டி பிடித்து, நீயே வா. நான் அந்தக் கம்பத்தருகில் நிற்கிறேன். வேப்பிலை அதற்குள் உதிர்ந்திருக்கும், டீக்கடை இருக்கும், அடையாளம் தெரியும்.

ஏசியில் தலையை ஈரத்தோடு வைத்துக்கொண்டு உட்காராதே. மாப்பிள்ளையை ராத்திரி சாதத்தைக் குறைக்கச் சொல். அடுத்த தடவை ஷூ வாங்கினால் கணுக்காலைப் பிடிக்கிற மாதிரி உயரமானதாகப் பார்த்து வாங்கு. நீங்கள் இரண்டு பேரும் நூறு வயசு நோய்நொடி இல்லாமல், ஒருவர் சொல்வதை ஒருவர் கேட்டு வாழ வேண்டும், முக்கியமாக அவர் நீ சொல்வதைக் கேட்டு.

இதைத் தபாலில் போட மகாவிடம்தான் கொடுக்கிறேன். உறையை ஒட்டித்தான் கொடுப்பேன். படிக்கலாமா என்று கேட்டால் கொடுப்பேன், கேட்காமல் பிரிக்கமாட்டாள்.

உன் அம்மா,
ரா. லோகாம்பாள்