விசில் கேட்கிறது என்று சொன்னேன்

இன்று காலை காலடிப்பேட்டை டிஸ்பென்சரியில் ஊசி போடுவதற்கு முன் நர்ஸம்மா என் கையில் ஸ்பிரிட் பஞ்சைத் தேய்த்தார். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் ராயபுரத்தில் உன் மாடி அறைக்குப் போய்விட்டேன். அங்கே ஒரே ஒரு ஸ்பிரிட் பாட்டில்தான். காலையில் கம்பவுண்டர் உனக்கு ஊசி குத்த அதை எடுப்பார். சாயங்காலம் ரேடியோ வால்வின் கால்களைத் துடைக்க நீ அதையே எடுப்பாய். உன் மனைவி இரண்டு பேரையும் திட்டுவாள்.

நீ ஹார்பரில் கிரேன் எலெக்ட்ரீஷியன், நான் திருவொற்றியூரில் ஃபிட்டர். நம் பொழுதுபோக்கான வயர்லெஸுக்கு லைசென்ஸ் உன் பேரில் இருந்தது. ரிசீவரும் டிரான்ஸ்மிட்டரும் மூர் மார்க்கெட் பழைய சாமான்களை வைத்து நாம் சேர்ந்து கட்டியவை. அதிலிருந்த கம்பிச் சுருள், அந்தக் காயில் மட்டும் நான் சுற்றியது என்று போகிற இடமெல்லாம் பீற்றிக்கொள்வேன். வருஷா வருஷம் நமக்கு வயர்லெஸ் போட்டிதான் திருவிழா. ஒரே நாளில் மோர்ஸ் தந்திக் குறிகளில் எத்தனை தேசத்து நிலையங்களைப் பிடிக்கிறோம் என்று பார்ப்பார்கள். மறுமுனையில் இருப்பவன் ஓர் எண் தருவான். நீ கேட்டுச் சொல்வாய், நான் கிரீன்விச் நேரம் போட்டு லாக் தாளில் எழுதுவேன். எண் பிசகினால் அந்த வரி செல்லாது.

அந்த வருஷம் உனக்குக் காசநோய். தினம் ஒரு ஊசி. சட்டை தொளதொளவென்று தொங்கியது. வேலைக்குப் போகாமல் படுத்துக் கிடந்த உனக்குப் போட்டி ஒன்றுதான் பிடிமானம். அதற்கு ஒரு மாதம் இருக்கும்போது சொன்னாய்:

"மாமு, செட்டுல ஒரு விசிலு வந்துகினே கீது. இன்னான்னு பாரு."

ஹெட்போனை மாட்டிக் கேட்டேன். சுத்தமாக இருந்தது. "ஒண்ணும் இல்லியேடா" என்றேன்.

"உன் காயில்தான் கத்துது. அத்த ஒத்துக்க மனசு வல்ல உனக்கு."

அன்று தொடங்கியது பேஜாரு. கண்டென்சரை மாற்றினோம். வால்வுகளை இடம் மாற்றிச் செருகினோம். எர்த் கம்பியைப் பிடுங்கி வேறு இடத்தில் புதைத்தோம். ஒவ்வொரு முறையும் நீ ஹெட்போனை மாட்டி, உதட்டைப் பிதுக்குவாய். ரயில் யார்டும் தகரப் பட்டறையும் ஓயாத தெரு உன்னுடையது. ஹெட்போன் மாட்டினால்தான் வெளிச்சத்தம் அடங்கி விசில் கேட்கும். அதனால் விசில் செட்டிலிருந்து வருவதாகவே உனக்குப் பட்டது.

ஒருநாள் கத்திவிட்டாய். "இத்தாம் பெரிய விசிலு கேக்கலியா? இன்னா காதுடா உன்து, கலீஜ் காது!" கத்தியதில் இருமல் பிடித்துக்கொண்டது. நிற்கவே இல்லை. உன் மனைவி வெந்நீரோடு ஓடி வந்து, "அண்ணே, அவரு சொல்றத ஒத்துக்கினு போயேன்" என்றாள். நான் ஹெட்போனை மாட்டினேன். கண்ணை மூடிக் கேட்பது போலக் கேட்டேன்.

"ஆமாண்டா. மெல்லிசா கேக்குது."

உன் முகம் மலர்ந்ததே! கோளாறு உண்டென்று கேட்டு அவ்வளவு சந்தோஷப்பட்டவனை நான் பார்த்ததில்லை. என் காயிலை உன் கண்ணெதிரே பிரித்துப் புதிதாகச் சுற்றினேன். நல்ல காயில் அது. அதிலே கோளாறில்லை என்று தெரிந்தேதான் பிரித்தேன். எனக்குச் சண்டை ஓய்ந்தால் போதும் என்றிருந்தது.

போட்டி ஒரு சனிக்கிழமை. காலையிலேயே ஜப்பான்காரர்கள் கிடைத்தார்கள். ஆனால் நீ ஒவ்வொருவனிடமும் எண்ணை மூன்று தடவை கேட்டாய். மத்தியானம் கரண்ட் போனது. வால்வுகள் ஒவ்வொன்றாக மங்கி அணைந்தன. எதிரே பட்டறையும் நின்றது. நீ ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தாய்.

"கரண்டு பூட்ச்சா?"

"பூட்ச்சு."

செட்டைப் பார்த்தாய். அப்புறம் என்னைப் பார்த்தாய். "விசிலு இன்னும் வந்துகினு கீதே மாமு."

நான் பென்சிலை லாக் தாள்மேல் வைத்தேன். நீயே கேட்டாய்: "அன்னிக்கு உனக்கும் கேட்டுச்சுன்னியே?"

திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் டாக்டர் எரிந்து விழுந்தார். அந்த ஊசி சிலருக்குக் காதைக் கெடுக்குமாம். சத்தம் கேட்ட அன்றே வந்திருந்தால் மருந்தை மாற்றியிருப்பாராம். "ஒரு மாசமா என்னய்யா பண்ணிட்டிருந்தீங்க?" என்றார். "செட்டு ரிப்பேருன்னு நெனச்சுக்கினோம் சார்" என்றாய். நினைத்தது நீ மட்டும்தான். என்னையும் சேர்த்துக்கொண்டாய்.

மருந்து மாறியது, நோயும் அடங்கியது, காது திரும்பவில்லை. ஆறு மாதத்தில் யார்டில் எஞ்சின் ஊதுவதும் உனக்குக் கேட்காமல் போனது. செட்டைத் துணி போட்டு மூடினாய். அதன் பிறகு நான் வந்தால் உள்ளங்கையை நீட்டுவாய். அதில் விரலால் மோர்ஸ் தட்டுவேன். ஹார்பர் சமாச்சாரம், மீன் விலை, யார் எங்கே ரிட்டயர் ஆனார்கள் என்று எல்லாம் தட்டியிருக்கிறேன். நீ சிரிப்பாய்.

போன வருஷம் நெஞ்சு மறுபடியும் கெட்டு நீ கட்டிலில் கிடந்தபோது, இனி நாள் இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்தது. உன் கையை எடுத்து, அன்றைக்கு எனக்கு விசில் கேட்கவில்லை என்று தட்ட ஆரம்பித்தேன். முதல் வார்த்தை முடிவதற்குள் விரல்களை மடக்கி உள்ளங்கையை மூடிக்கொண்டாய். கொஞ்சம் பொறுத்து மறுபடி தட்டினேன். மறுபடியும் மூடிக்கொண்டாய்.

மன்னித்துவிட்டதால் மூடினாயா, கேட்கவே பிடிக்காமல் மூடினாயா? எனக்குத் தெரியவில்லை. இனி யாரிடம் போய்க் கேட்பது?